குற்றாலத்தில் வேப்பிலை கட்டிய விடுதியும் ஓர் இன்ஷூரன்ஸ் கிளெய்மும்

யுத்தம் முடிந்த வருஷம் நான் இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுத் தென்காசிக்கு வந்து சேர்ந்தேன். அதற்குப் பிறகு என்னைத் தேடி வருகிறவர்கள் இரண்டே வகை. கம்பெனி கடைசியில் எவ்வளவு கொடுத்து அனுப்பியது என்று சுற்றி வளைத்து விசாரிக்கிற சொந்தக்காரர்கள் ஒரு வகை. சந்தேகம் கேட்க வருகிற திருநெல்வேலி ஆபீஸ் புது இன்ஸ்பெக்டர்கள் இன்னொரு வகை. முதல் வகைக்கு மோர். இரண்டாம் வகைக்குக் காப்பி உண்டு, ஏனென்றால் அவர்களிடம் பேச எனக்கே ஆசை.

போன மாதம் அப்படி ஒருவர் வந்தார். ஏதோ ஓர் ஊரில் காலரா என்று சினிமாக் கொட்டகையை மூட வைத்துவிட்டார்களாம். கொட்டகை முதலாளியிடம் தீப் பாலிசி இருக்கிறது. வியாபாரம் நின்றுபோனால் வருமானத்துக்கு ஈடு கொடுக்கிற பாலிசியும் அதோடு சேர்ந்து இருக்கிறது. கொட்டகை எரியவில்லை, இடியவில்லை, கூரையில் ஒரு தகரம்கூட நகரவில்லை. ஆனால் டிக்கெட் விற்கவில்லை. இதற்கு நாம் கொடுத்துத்தான் ஆகவேண்டுமா என்று கேட்டார். கேட்ட தொனியிலேயே, கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடுங்களேன் என்ற கெஞ்சல் இருந்தது.

பாலிசியைக் கண்ணால் பார்க்காமல் பதில் சொல்கிறவனும் நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கிறவனும் ஒன்று என்று அவரிடம் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது. பாவமாக இருந்தது. அதனால் குற்றாலத்துக் கோமதியம்மாள் கிளெய்மைச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவருடைய ரயில் போய்விட்டது. இதை எழுதி வைத்தால் என்ன சார் என்று கேட்டுவிட்டு அவர் பஸ் பிடிக்கப் போனார். எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே விபத்துதான். இலத்தூரில் எங்கள் வீட்டு வயல் அண்ணன் தம்பிகளுக்குப் பிரித்துக் கொடுக்கக் காணாது என்று ஆனபோது, கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்த என்னைத் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். வெள்ளைக்காரக் கம்பெனி. தலைமை ஆபீஸ் சென்னையில், அதற்கும் தலைமை லண்டனில். ஆரம்பத்தில் உறைகளுக்குத் தபால்தலை ஒட்டினேன். பிறகு பஞ்சாலை, அரிசி ஆலை, சரக்குக் கிட்டங்கி என்று ஏறி இறங்கிப் பாலிசி விற்றேன். உயிரோடு இருக்கிறவனிடம் போய் உன் வீடு எரிந்தால் என்று பேச்சைத் தொடங்குகிற தொழில் இது. வாசலிலேயே தண்ணீர் தெளித்து விரட்டிய வீடுகள் உண்டு. அந்த வருஷங்களைப் பற்றி வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ராவ் சாரைப் பற்றித்தான் நிறையச் சொல்லவேண்டும். ஈடு கேட்டு வருகிற பெரிய கிளெய்ம்களை விசாரிக்கச் சென்னையிலிருந்து வருகிற அதிகாரி அவர். தஞ்சாவூர்ப் பக்கத்து மனிதர். ஒல்லியாக, வெள்ளைக் கோட்டும் பஞ்சகச்சமுமாக ரயிலை விட்டு இறங்குவார். கையில் ஒரு பித்தளைச் சாப்பாட்டுத் தூக்கு. விசாரணை முடிகிற வரைக்கும் கிளெய்ம் கேட்டவர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். முடிந்த பிறகு கூப்பிட்டால் வந்து மூன்றாம் முறை சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார். கொடுக்க மறுத்த கிளெய்ம் என்றாலும் கூப்பிட்டால் போவார். அந்தத் தைரியம் எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

அவருடைய வேலைமுறையே தனி. வந்தவுடன் பேசமாட்டார். வாசலில் நின்று கட்டடத்தைப் பார்ப்பார். ஒருமுறை சுற்றி வருவார். பிறகு பாலிசியைப் பிரித்து, அதில் உள்ள ஷரத்தைக் கிளெய்ம் கேட்டவருக்கே தமிழில் வாசித்துக் காட்டுவார். கம்பெனிக்குச் சாதகமானதையும் வாசிப்பார், பாதகமானதையும் வாசிப்பார். மறுநாள்தான் விசாரணை. அதில் யாரும் உட்கார்ந்து பதில் சொல்லக்கூடாது. "அன்னிக்கு எங்கே நின்னீரோ அங்கே போய் நில்லும்" என்பார். சம்பந்தப்பட்ட எல்லோரும் அன்றைய நாளை மறுபடி நடந்து காட்டவேண்டும். திருவேங்கடத்தில் ஒரு பஞ்சுக் கிட்டங்கி எரிந்தபோது, கிணற்றடியில் நின்று முதல் புகையைப் பார்த்தேன் என்று ஒருவர் சத்தியம் செய்தார். ராவ் சார் அவரைக் கிணற்றடியில் நிறுத்தினார். அங்கிருந்து பார்த்தால் மாட்டுத் தொழுவத்தின் பின்சுவர்தான் தெரிந்தது. சாட்சிக்காரருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்திருக்கிற மனுஷனுக்குப் பொய் சுலபமாக வரும், நிற்கிற இடம் பொய் சொல்லாது என்பது அவர் கட்சி.

கோமதியம்மாளிடம் பாலிசி விற்றது நான்தான். குற்றாலத்தில் பேரருவிக்குப் போகிற பாதையில் அவருக்குச் சாப்பாட்டோடு தங்க அறையும் கொடுக்கிற ஒரு விடுதி இருந்தது. புருஷன் காலமானபோது அது ஒற்றைத் தளக் கட்டடம். நாற்பது வயதுக்குள் அந்த அம்மாள் மாடி எழுப்பிவிட்டார். எழுப்பிய கடன் தென்காசி அரிசி ஆலை முதலாளி ஒருவரிடம், கட்டடத்தின் பேரில். தீப் பாலிசி இருந்தால்தான் கடன் என்று அந்த முதலாளி சொன்னதால் என்னைக் கூப்பிட்டனுப்பினார். போனதற்கு, தங்கும் விடுதிகளுக்கென்றே லண்டனில் அச்சடித்து வந்திருந்த பாலிசியோடு ஒட்டுகிற ஒரு சேர்க்கையையும் அவர் தலையில் கட்டிவிட்டு வந்தேன். விடுதிக்குள் தொற்றுநோய் கண்டு, அதிகாரியின் உத்தரவால் விடுதி மூடப்பட்டால், மூடியிருந்த காலத்து வருமான நஷ்டத்துக்கு ஈடு. பிரீமியம் சொற்பம். எனக்கு வந்த கமிஷன் அதைவிடச் சொற்பம்.

சாரல் விழுகிற ஆனி, ஆடி, ஆவணிதான் குற்றாலத்துக்கு வருஷம். மீதி மாதங்கள் குரங்குகளுக்கு. அந்த மூன்று மாதத்தில் சம்பாதித்துத்தான் அங்கே எல்லாரும் வருஷம் முழுக்கச் சாப்பிடவேண்டும். உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து அருவியில் நின்றுவிட்டு வருகிற மனிதனுக்கு எடுக்கிற பசியை நம்பித்தான் கோமதியம்மாள் வீட்டு அடுப்பு எரிந்தது. அவர் வைக்கிற தேங்காய்ப்பால் சொதிக்கென்றே மதுரையிலிருந்து வருகிறவர்கள் உண்டு.

நான் சொல்லுகிற வருஷம் சாரல் நன்றாக விழுந்தது. ஆடி பிறந்ததும் விடுதி மாடியும் கீழும் நிறைந்திருந்தது. ஒருநாள் விடிந்ததும் கீழ் அறையில் தங்கியிருந்த ஜவுளி வியாபாரி ஒருவருக்கு வாந்தியும் பேதியும் கண்டது. சமையல்காரர் சுப்பையா ஓடிவந்து சொன்னாராம். கோமதியம்மாள் போய்ப் பார்த்ததும் இன்னதென்று தெரிந்துவிட்டது.

இந்த மாதிரி நேரத்தில் சீசன் ஊர்களில் என்ன செய்வார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். நோயாளியைத் திரை போட்ட வண்டியில் ஏற்றித் தென்காசிக்கு அனுப்பிவிடுவார்கள். யாராவது கேட்டால் அவசர காரியமாக ஊருக்குப் போய்விட்டார் என்பார்கள். அறையைக் கழுவி அடுத்தவருக்கு விடுவார்கள். கோமதியம்மாள் அதைச் செய்யவில்லை. அடுப்பை அணைத்தார். கொல்லையில் நின்ற வேம்பில் கொத்து ஒடித்து வாசல் நிலையில் கட்டினார். அதைக் கண்டால் நம் பக்கத்தில் வெளியாள் எவனும் படியேறமாட்டான். மற்ற விருந்தாளிகளுக்கு முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று சொல்லி அனுப்பினார். ஊருக்குச் சர்க்கார் அதிகாரியான கிராம முன்சீப்பிடம் சுப்பையாவை அனுப்பினார். பிறகு வியாபாரியின் சம்சாரத்தோடு சேர்ந்து நோயாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உப்புப் போட்ட கஞ்சித் தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டிக்கொண்டே இருந்தார். அந்த மனிதர் பிழைத்தார்.

மறுநாள் விடிந்ததும் முன்சீப் வந்தார். தென்காசியிலிருந்து சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். கிணறுகளில் மருந்து போட்டுத் தண்ணீரைச் சிவப்பாக்கினார்கள். தெருத்தெருவாகக் காலரா ஊசி குத்தினார்கள். கீழ்த்தெருவிலும் ஒன்றிரண்டு பேருக்குக் கண்டது. உடனே அருவியில் குளிக்கக்கூடாது என்று மேலிடத்து உத்தரவு வந்தது. போலீஸ் நின்றது. தென்காசி ஸ்டேஷனில் இறங்கினவர்கள் அடுத்த ரயிலுக்கு அங்கேயே காத்திருந்து திரும்பிப் போனார்கள். ஆவணி கடைசியில் தடை நீங்கியபோது சாரலும் ஓய்ந்துவிட்டது.

ஊரே கோமதியம்மாளைத் திட்டியது. எண்ணெய் தேய்க்கிறவன், குதிரை வண்டிக்காரன், பழக்கடைக்காரன், மற்ற விடுதிக்காரர்கள் அத்தனை பேரும் அவர் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். இவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் சீசன் பிழைத்திருக்கும் என்பது பேச்சு. பக்கத்து விடுதிக்காரர் செல்லையா, அதுவரை அக்கா அக்கா என்று வந்துபோனவர், நடுவில் படல் வைத்து அடைத்துவிட்டார். அரிசி ஆலை முதலாளி ஆள் அனுப்பினார். தை பிறப்பதற்குள் தவணை வராவிட்டால் சாவியைக் கொடுத்துவிட வேண்டியது என்று செய்தி. கட்டடத்துக்கு அவர் மனதுக்குள் வாடகையே பேசி முடித்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன்.

நான் கிளெய்ம் எழுதிச் சென்னைக்கு அனுப்பினேன். விடுதியை மூடச் சொல்லி எந்த அதிகாரியும் உத்தரவு போட்டதாகத் தெரியவில்லை, விசாரிக்க ராவ் வருகிறார் என்று பதில் வந்தது.

ராவ் சார் வழக்கம்போல வாசலில் நின்றார். நிலையில் காய்ந்த வேப்பங்காம்பு நூலோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருமுறை சுற்றி வந்தார். கோமதியம்மாள் எங்களுக்கு என்று சொதி வைத்திருந்தார். தேங்காய்ப்பாலும் இஞ்சியும் மணத்தது. ராவ் சார் கொல்லைப்பக்கம் போய் நின்று தூக்கிலிருந்த தயிர் சாதத்தைச் சாப்பிட்டார். நானும் அவரோடு அதையே சாப்பிட வேண்டியதாயிற்று. முப்பது வருஷ உத்தியோகத்தில் நான் பட்ட பெரிய கஷ்டங்களில் அதுவும் ஒன்று.

பிறகு ஷரத்தை வாசித்தார். நிறுத்தி நிறுத்தி, இரண்டு முறை வாசித்தார். "அதிகாரியின் உத்தரவால் மூடப்பட்டால்னு இருக்கும்மா. உங்களை மூடச் சொன்னது யார்?"

அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பார்கள். கோமதியம்மாளுக்கு அந்தக் கேள்வியே அவமானமாகப் பட்டது.

"யாரு சொல்லணும்? நான்தான் மூடுனேன். எவனாவது வந்து சொல்லுத வரைக்கும் சீக்காளியத் தொட்ட கையோட சோறு வடிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பேன்னு நெனச்சீயளா?"

ஒரே பதிலில் தன் கிளெய்மைத் தானே வெட்டிப் போட்டுவிட்டார். ராவ் சார் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் கோமதியம்மாளைத் தனியாகக் கூப்பிட்டு, முன்சீப் வந்து என்ன சொன்னார் என்று நன்றாக ஞாபகப்படுத்திப் பார்க்கச் சொன்னேன். முன்சீப் வந்து பார்த்தாவ, தலைய ஆட்டுனாவ, போயிட்டாவ, ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி என்றார். வேறு எப்படியும் சொல்ல அந்த மனுஷிக்குத் தெரியவில்லை.

சாயந்திரம் முன்சீப்பே வந்தார். வயதானவர், நல்ல மனிதர். கோமதியம்மாளின் புருஷனுக்குத் தூரத்து உறவு. விஷயம் காதுக்கு எட்டியிருந்தது. ராவ் சார் கொஞ்சம் தள்ளி நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். முன்சீப் மெதுவாகச் சொன்னார்: "அன்னைக்கு வெள்ளனவே நான் உத்தரவு போட்டேன்னு எழுதித் தாரேன் தாயி. யாரு வந்து பாத்தா?"

கோமதியம்மாள் சத்தம் போடவில்லை. "நான் கட்டுன வேப்பிலைய நீங்க கட்டச் சொன்னதா எழுதுவீயளா மாமா? அப்படி வர்ற துட்டு எனக்கு வேண்டாம். வீடு போனா போகட்டும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். உள்ளே அவர் அழுதார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் பாத்திரம் உருட்டுகிற சத்தம் வேண்டியதற்கு மேல் கேட்டது. ராவ் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அதில் அவ்வளவு அழுக்கு இல்லை. எனக்கு அந்த அம்மாள் மேல் கோபமான கோபம். அதே சமயம் அவர் காலில் விழலாம் போலவும் இருந்தது.

மறுநாள் காலையில் நடந்து காட்டுகிற படலம். முன்சீப், சுகாதார இன்ஸ்பெக்டர், சுப்பையா எல்லோரும் வந்துவிட்டார்கள். செல்லையா படலுக்கு அந்தப் பக்கம் நின்று வேடிக்கை பார்த்தார். சுப்பையா ஓடிவந்து காட்டினார். கோமதியம்மாள் அடுப்படிக்குப் போனார், கொல்லைக்குப் போனார், வாசலுக்கு வந்தார். ராவ் சார் அவருக்குப் பின்னாலேயே நடந்தார். வாசல் நிலையண்டை வந்ததும் நின்று, ஒட்டிக்கொண்டிருந்த காம்பைக் காட்டினார்.

"இதைக் கட்டினது நீங்க?"

"நான்தான்."

"அவர் உடம்பு தேறி எழுந்து உட்கார்ந்தாரே, அன்னிக்கே இதை அவிழ்த்துட்டு அடுப்பை மூட்டியிருக்கலாமே?"

கோமதியம்மாள் அவரை ஒரு பார்வை பார்த்தார். சின்னப் பிள்ளைக்குச் சொல்வது மாதிரிப் பொறுமையாகச் சொன்னார்.

"கட்டுதது யாரு வேணும்னாலும் கட்டலாம் ஐயா. அவுக்க நான் யாரு?"

ராவ் சார் தஞ்சாவூர்க்காரர். அவருக்கு இது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஆனால் பிறந்ததிலிருந்து பார்த்துவந்த வழக்கம் என்பதால் அதைச் சொல்லவேண்டும் என்றே அதுவரை தோன்றவில்லை. முன்சீப்தான் விளக்கினார். இந்தப் பக்கத்தில் வீட்டுக்காரர்கள் வேப்பிலை கட்டிவிட்டால் கட்டியதுதான். அதன் பிறகு வாசல் அவர்கள் வசத்தில் இல்லை. ஊரில் நோய் தணிந்துவிட்டது என்று முன்சீப் சொல்லவேண்டும். அம்மன் கோயில் மஞ்சள் தண்ணீரைத் தெளித்து, முன்சீப்பின் காவல் ஆளான தலையாரி வந்துதான் அவிழ்க்கவேண்டும். அதுவரைக்கும் வீட்டுக்காரர் கை அதில் படக்கூடாது. கோமதியம்மாள் வீட்டில் ஆவணி கடைசியில்தான் அவிழ்த்தார்கள்.

ராவ் சார் உடம்பே நிமிர்ந்தது. சுகாதார இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, நோய் கண்ட மற்ற வீடுகளுக்கு என்ன செய்தீர் என்று கேட்டார். மூடச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினோம் என்றார் இன்ஸ்பெக்டர். இந்த வீட்டுக்கு ஏன் ஒட்டவில்லை?

"வேப்பிலை கட்டின வாசலுக்கு ஒட்டுறதில்லை சார். ஒட்டினா அம்மனுக்கு மேல காகிதம் ஒட்டிட்டேன்னு சண்டைக்கு வருவாங்க. அதுவும் இல்லாம, கட்டியாச்சுன்னா எங்களுக்கு உத்தரவு போட வேலையே இல்லை."

"இந்த அம்மா நடுவிலே அவிழ்த்துத் திறந்திருந்தா?"

"பூட்டுப் போட்டுட்டு கேஸ் எழுதியிருப்பேன்," என்றார் இன்ஸ்பெக்டர். அதுக்கு முன்னால நான் தலையாரியை அனுப்பி இழுத்து மூடியிருப்பேன் என்றார் முன்சீப்.

ராவ் சார் அவர்கள் இருவரையும் அன்று எங்கே நின்றார்களோ அங்கே நிறுத்தி, மறுபடியும் அதையே சொல்லச் சொன்னார். எழுதிக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னதை நான் அன்றிலிருந்து இன்றுவரை எத்தனையோ பேருக்குச் சொல்லிவிட்டேன்: "மூடினது யாருன்னே கேட்டுண்டு இருந்தோம், சங்கரலிங்கம். திறக்கவிடாம வெச்சது யாருன்னு கேட்கலை."

முதல் நாள் கோமதியம்மாள் தானாக மூடிய நாள். முன்சீப் வந்து வேப்பிலையைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனதிலிருந்து, அதிகாரி மூடி வைத்த நாட்கள். லண்டனில் உத்தரவு என்றால் முத்திரை போட்ட காகிதம். குற்றாலத்தில் அது முன்சீப்பின் தலையாட்டல்.

இதோடு முடிந்திருந்தால் இதைக் கடினமான கேஸ் என்றே சொல்லமாட்டேன். ராவ் சாரின் அறிக்கைக்குத் தலைமை ஆபீசிலிருந்து வந்த பதில் கெட்டிக்காரத்தனமானது. உத்தரவு இருந்ததாகவே வைத்துக்கொள்வோம், ஆனால் அருவியையே மூடிவிட்டார்களே, அந்த விடுதி திறந்தே இருந்திருந்தாலும் யார் வந்து தங்கியிருப்பார்கள், மூடாத விடுதிகளும்தானே காலியாகக் கிடந்தன, ஆகவே விடுதியை மூடியதால் ஒரு நஷ்டமும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். எங்கே தொட்டாலும் வழுக்கியது. கோமதியம்மாளிடம் இதை எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் குற்றாலம் பக்கமே போகவில்லை.

ராவ் சார் மறுபடி திருநெல்வேலிக்கு வந்தார். எங்கள் ஆபீசில் மின்விசிறிக்குக் கீழே நின்றுகொண்டே பதிலைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அருவி எதனால் மூடப்பட்டது? நோயால். அந்த நோய் முதலில் எங்கே கண்டு, யார் சொல்லி வெளியே தெரிந்தது? இந்த விடுதியில் கண்டு, இந்த அம்மாள் சொல்லி. ஒரே நோய்தான் அருவியையும் மூடியது, விடுதியையும் மூடியது. வண்டி குடைசாய்ந்து அச்சும் முறிந்து மாட்டுக்கும் கால் ஒடிந்தது. அச்சு முறிந்த வண்டி எப்படியும் ஊர் போய்ச் சேர்ந்திருக்காது, அதனால் மாட்டுக்கு ஈடு கிடையாது என்று வண்டிக்காரனிடம் சொல்வோமா? நாம் ஈடு தருவதாக ஒப்புக்கொண்ட ஆபத்து தொற்றுநோய். அது பெரிதாக வந்துவிட்டது என்பதைக் காட்டிக் குறைவாகக் கொடுக்கிறேன் என்றால், சின்ன நோய்க்கு மட்டும்தான் பாலிசி என்று முதலிலேயே அச்சடித்திருக்கவேண்டும். இதுதான் சாரம். அவர் இங்கிலீஷில் இன்னும் காரமாக இருந்தது. கடைசியில், நோயை மறைத்தவர்களுக்கு நஷ்டம் குறைவு, சொன்னவளுக்கு நஷ்டம் அதிகம் என்ற நிலைமையை நம் கம்பெனி நிலைநாட்ட வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்தார். அந்த வரியை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினேன். சந்தோஷத்தில்தான்.

கார்த்திகையில் செக் வந்தது. நானே கொண்டுபோனேன். கூடவே ராவ் சாரும் வந்தார், தூக்கு இல்லாமல். கேட்டதில் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். முதல் நாளுக்கு ஈடு இல்லை என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். கோமதியம்மாள் முகத்தில் அதுவரை இல்லாத ஒரு பெருமிதம் வந்தது.

"அந்த ஒருநாள் என்னுது அண்ணாச்சி. உங்க கம்பெனி தந்தாலும் வாங்கமாட்டேன்."

தவணை கட்டினார். சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. அன்று ராவ் சார் சொதியை நான்கு முறை கேட்டு வாங்கினார். அரிசி ஆலை முதலாளிக்குத்தான் கொஞ்சம் வருத்தம் என்று கேள்வி.

இதில் எனக்குத் தீராத குறை ஒன்றும் உண்டு. மற்ற விடுதிக்காரர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. செல்லையாவிடம் பாலிசி கிடையாது. பாலிசி இருந்த இரண்டொருவருக்கும் அவர்கள் விடுதிக்குள் நோய் காணாததால் ஷரத்து பொருந்தவில்லை. அருவி போனதற்கு ஈடு கொடுக்கிற பாலிசி அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அடுத்த வருஷம் பாலிசியைப் புதுப்பிக்கப் போனால், தொற்றுநோய்ச் சேர்க்கையையே லண்டனில் எடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு முறை கொடுத்ததும் கதவைச் சாத்திவிட்டார்கள் என்று ஆபீசில் உரக்கவே திட்டினேன். மழை விழுந்ததும் குடையைப் பிடுங்குகிற வியாபாரம் என்று ஜனங்கள் நம்மைச் சொல்வதில் தப்பே இல்லை.

அதனால் அந்தக் கிளெய்மால் ஒரு குடும்பத்துக்கு மட்டும்தான் பிரயோஜனம் என்று கொஞ்ச காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு சீசன் கழித்து ஆனி மாதத்தில் ஒருநாள் வேறு வேலையாகக் குற்றாலம் போயிருந்தேன். நல்ல வெயிலும் சாரலும் கலந்த காலை. கடைத்தெருவில் கூட்டமான கூட்டம். செல்லையா நடுத்தெருவில் வேகமாகப் போய்க்கொண்டிருந்தார். மேல்துண்டு இல்லை, முகம் வெளுத்திருந்தது. கூப்பிட்டேன். தன் விடுதியில் ஒரு பெண்ணுக்கு விடிந்ததிலிருந்து வாந்தியும் பேதியும், கோமதியக்கா படலைத் தள்ளிக்கொண்டு வந்து கஞ்சித் தண்ணீர் புகட்டிக்கொண்டிருக்கிறாள், தான் முன்சீப் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். எண்ணெய்க்காரர்களும் பழக்கடைக்காரர்களும் கேட்கும்படியாகவே சொன்னார்.

எனக்குப் பதறியது. சீசன் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. செல்லையாவுக்குப் பாலிசி இல்லை, இனி யாருக்கும் அப்படி ஒரு பாலிசி கிடைக்கப்போவதும் இல்லை. வீட்டில் மூன்று பெண்பிள்ளைகள். உமக்கு ஈடு கொடுக்க யாரும் இல்லையே, யோசித்தீரா என்று கேட்டுவிட்டேன்.

அவர் நிற்கக்கூட இல்லை. நடந்துகொண்டே திரும்பிச் சொன்னார்.

"அக்கா வீடு நிக்குதுல்லா அண்ணாச்சி. என் வீடும் நிக்கும்."

கடைத்தெரு அவருக்கு வழி விட்டது. ஒருத்தரும் திட்டவில்லை. அந்தப் பெண் பிழைத்தாள். அந்த வருஷம் நோய் அடுத்த வீட்டுக்குப் பரவவில்லை, அருவியை மூடவே இல்லை.